கோப்பையில் கழுவிய விரால்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை இப்போதும் வரிசை மாறாமல் சொல்வேன். அடுப்படியில் அம்மா, வாசலில் இரவல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு அப்பா, பட்டுப்புடவையில் அக்கா, பத்து வயது நான், பிளாஸ்டிக் பையில் உயிரோடு இரண்டு விரால். சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். பெண் வீட்டில் அவர்கள் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் ஒரே அர்த்தம்தான்.

அக்கா அப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். கல்யாணம் ஆனால் படிப்பை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொன்னதிலிருந்து மூன்று நாள் அழுதாள். படிப்பை நிறுத்துவதற்குக்கூட ஒருத்தி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியம். பின்னால் எட்டாவதோடு நின்றபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மீனைக் கடையிலேயே துண்டு போட்டு வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். அப்பா பெருமைக்காகத் திட்டக்குடி போய் முழு மீனாக வாங்கி வந்துவிட்டார். அக்கா கையில் கவுச்சி ஏறக் கூடாது; அம்மாவுக்கு மசாலா வேலை. மிச்சம் நான்தான். பஸ்ஸில் ஏறினாலே பிரேக் பிடிக்குமா என்று கேட்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் ஏனோ பயம் வரவில்லை. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஒன்றைப் பிடித்தேன். வழுக்கித் துள்ளி வாழைமரம் வரை போனது.

பின்வாசல் படியில் நின்ற அக்கா சொன்னாள்: "அந்தக் கோப்பையில போடு பாப்பா. கழுவுறதையும் அதுலயே கழுவிடு."

கோப்பை என்றால் கக்கூஸ் கோப்பை. அப்பா வேலை பார்த்த செராமிக் கம்பெனியில், சூளையில் கோணிப்போனது. மலிவாக வாங்கி வந்து, பொருத்தக் காசில்லாமல், ஓட்டையில் துணி அடைத்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படி ஒன்று கிடக்கும்.

கல்லால் தலையில் ஒரு போடு. உப்புப் போட்டு உரசிச் செதிலை உதிர்த்து, வயிற்றைக் கீறி, பித்தப்பை உடையாமல் குடலை உருவினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. துண்டுகளைக் கோப்பையில் அலசும்போது, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட மாப்பிள்ளையின் அம்மா கால் கழுவக் கொல்லைக்கு வந்தார்.

"என்னாடி இது, இதுலயா மீன் கழுவுற?"

"புதுசுதாங்க அத்தை. ஒருத்தருமே உக்காந்ததில்ல," என்றேன் தைரியமாக.

அவர் கால் கழுவாமலே திரும்பினார். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

"கொழந்த, தெரியாம செஞ்சிட்டாங்க," என்று அப்பா கெஞ்சினார்.

"கொழந்தைய வுடுங்க, கோப்பைய யாரு வச்சது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. தண்ணீர்கூடக் குடிக்காமல் கார் ஏறினார்கள்.

அம்மா கரண்டியோடு கொல்லைக்கு வந்தாள். படியோரம் பெரிய அலுமினிய அன்னக்கூடை காலியாகக் கிடந்தது.

"இவ்ளோ பெரிய கூட இருக்குது, கண்ணு அவிஞ்சா போச்சி?"

அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நான் வருஷக்கணக்கில் கவலைப்பட்டேன், அவள் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த பிறகும்கூட.

அன்று மத்தியானம் அந்தக் குழம்பை நாங்கள் நாலு பேரும்தான் சாப்பிட்டோம். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். அக்கா தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து என் சோற்றின்மேல் வைத்தாள். கல்யாணத்தைக் கெடுத்தவளுக்கு எதற்கு நடுத்துண்டு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.