பாளை அருவாள் தீட்டிய ஆனி மாதம்

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நுங்குக் கடை முன்னால் நின்றேன். கடைக்காரன் அரிவாளைப் பலகையில் போட்டுத் தீட்டிக்கொண்டிருந்தான். கூட வந்தவர்கள் நுங்கு கேட்க, நான் மட்டும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

ஆலங்குளத்துப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டது பனையேறுகிற வீட்டில். என் வீட்டுக்காரர் பனம்பாளை சீவுகிற பாளை அருவாளின் வாய், ஒரு பக்கம் மட்டும் அகலமாகச் சரிந்து இறங்கும். வெள்ளைக்கல்லை இடித்த பொடியைப் பலகையில் தூவி, அந்தச் சரிவு முழுக்கப் படியும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மழுங்கிவிடும். மழுங்கின அருவாள் பாளையைச் சீவாது, நசுக்கும்; பதினீர் நின்றுபோகும். தீட்டுவது என் வேலை. சோறு குழைந்தால் கோபப்படாத மனுஷர், அருவாள் சரியில்லை என்றால் நாள் முழுக்கப் பேசமாட்டார். எனக்கும் வீம்பு, பேசாவிட்டால் போங்கள் என்று இருப்பேன். எத்தனை நாளை அப்படி வீணாக்கினோம், பாருங்கள்.

உலகச் சண்டை நடந்து, மருந்துக்குக்கூடத் தட்டுப்பாடான காலம் அது. சாரல் காற்றோடு அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வண்டி கட்டித் தென்காசி வரை அலைந்தும் அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து கிடைக்கவில்லை.

பாளையை நாள்தோறும் சீவாவிட்டால் காய்ந்துவிடும். அந்த வருஷத்துக்கு மரம் அவ்வளவுதான். கொழுந்தன் வந்து, "மதினி, அருவாளத் தாங்க, நான் ஏறுதேன்" என்றான். மரம் கைமாறினால் அருவாளும் கைமாறுவது எங்கள் வீட்டு வழக்கம். கொடுத்தால் இவர் இனி ஏறமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

"நாளைக்கு ஒங்க அண்ணனே ஏறுவாக" என்று விரட்டிவிட்டேன்.

கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து தீட்டினேன். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. மறுநாள் அவரே பேசினார்.

"ஏட்டி, போதும். தம்பிகிட்டக் குடுத்திரு."

"நாளைக்கு நீங்க ஏறணும்லா?"

"நான் எங்கன ஏற? பாளை காயுதுட்டி."

கொடுத்துவிட்டேன். கொழுந்தன் கை மயிரில் வைத்துப் பார்த்து, "நல்ல பதம்" என்றான். இவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குக் கிடந்தபடியே, "அவ தீட்டுனா அப்படித்தாம்லே" என்றார்.

அந்த வாரமே போய்விட்டார். ஒரு பாளையும் காயவில்லை. பதினீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது; அழுதுகொண்டே காய்ச்சினேன். இப்போது அந்தப் பனைகளும் இல்லை, வெட்டிச் செங்கல் சூளையில் போட்டுவிட்டார்கள். போட்டோ எடுக்க எங்களுக்கு ஏது வசதி? அவர் கை நினைவிருக்கிறது, குரல்கூட இருக்கிறது. முகம்தான், எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும், வரமாட்டேன் என்கிறது.