மிச்சத்திலிருந்து ரிச்மண்டுக்கு: ஐஸ் பெட்டிக்குள் ஒரு வடதுருவப் பூ

சென்ற வருடம் லண்டன் ரிச்மண்டில் நடந்த மலைச்செடிக் கண்காட்சியில், ஹரோவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சார், அது மிச்சத்துல பூக்காது." மிச்சம் என்பது தெற்கு லண்டனில் நான் இருக்கும் ஊர். இந்த மே மாதத்து முதல் சனிக்கிழமை நான் மறுபடி அங்கே போனதற்கு வேறு காரணம் இல்லை. பூத்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டவேண்டியிருந்தது.

செடியின் பெயர் மொஸ் காம்பியன். நான் மெத்தைப்பூ என்கிறேன். மரமே முளைக்காத வடக்கில், காற்று அறையும் சரளைமேடுகளில் வளர்வது. விரல் உயரம்கூட வராது. இலைகள் நெருங்கிப் பச்சை மெத்தைபோலத் தரையோடு படுத்திருக்கும். வெளியே உறைபனி என்றாலும் மெத்தைக்குள் சூடு தங்கும். உதிரும் இலையும் வெளியே போகாது, உள்ளேயே மக்கி எருவாகும். ஆணிவேர் கல்லிடுக்கில் ஆழமாக இறங்கும். ஐந்து இதழ் இளஞ்சிவப்புப் பூக்கள் தெற்குப் பக்கத்தில்தான் முதலில் திறக்கும், வெயில் அங்கேதான் விழுகிறது. ஸ்கொட்லாந்து மலைகளிலும் உண்டு. லண்டன் தோட்டத்தில் உயிரோடு இருக்கும், ஆனால் பூக்க மறுக்கும்.

டொக்டர் கப்பலேறி நோர்வேயின் வடக்கு வரை போய் இதை நேரில் பார்த்தவர். நான் நூலகப் புத்தகங்களில் பார்த்தவன். விதை போட்டு ஏழு வருடமாகிறது. எனக்கு எழுபத்தாறு வயது. அடுத்த பூவுக்குக் காத்திருப்பேன் என்று என்னால் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது.

அன்று பார்த்து வெயில் கொளுத்தியது. சூட்டில் இந்தப் பூ ஒரு மணிநேரத்தில் சுருண்டுவிடும். மீன் வாங்கப் போகும் ஐஸ் பெட்டியை எடுத்து, அடியில் ஐஸ், மேலே பலகை, அதன்மேல் செடி நிற்கும் சாடி என்று வைத்தேன். ஐஸ் உருகி மெத்தை நனைந்தால் அழுகும், ஆகவே பலகை முக்கியம். என் மனைவி புவனாவும் வந்தார். காலை பத்துமணிக்கு மிச்சம் நிறுத்தத்தில் ட்ராம் ஏறினோம். கண்காட்சி மண்டபத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு செடி ஏற்கமாட்டார்கள்.

விம்பிள்டனுக்குக் கால்மணிநேரம் போதும். ஆனால் ஃபிப்ஸ் பிரிட்ஜில் ஒரு பயணி மயங்கி விழ, அம்புலன்ஸ் வரும்வரை ட்ராம் நின்றது. கதவுகள் திறந்தே கிடந்தன, உள்ளே அனல். பெட்டியைத் திறந்து பார்க்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். எதிர் இருக்கையில் மரக்கறிப் பைகளோடு இருந்த தமிழ்ப் பெண் கேட்டார்:

"அண்ணை, என்ன மீன்?"

"மீன் இல்லை பிள்ளை. பூ."

"ஐஸுக்குள்ள பூவோ! செத்தவீட்டுக்கே போறியள்?"

"இவருக்கு இதுதான் கலியாணவீடு," என்றார் புவனா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் மூலையால் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. ட்ராம் நகர்ந்தபோது பதினொன்று. விம்பிள்டனில் ரயில், கிளாப்பம் ஜங்ஷனில் மாறி ரிச்மண்ட். ரிச்மண்ட் நடைமேடையில் உட்கார்ந்து மூடியை விரல் அகலம் திறந்தேன். பூக்கள் திறந்தே இருந்தன. பிறகு மண்டபத்துக்கு ஓடினோம், என் முழங்காலால் ஓட முடிந்த அளவுக்கு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சாடி மேசையில் ஏறியது.

டொக்டர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பூ பிரமாதம் சார். ஆனா இது எந்த நர்சரி?"

"என்ரை பின்வளவு. ஏழு வருசமா வைச்ச இடத்தில இருந்து அசைக்கேல்லை."

"அசைக்கலைன்னா தெற்குப் பக்கம்தானே பூத்திருக்கணும்? இது சுத்திவர ஒரே மாதிரி இருக்கே. விளக்கு போட்டு வளர்த்த செடி மாதிரி இருக்கு சார்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரியும். புதன்கிழமை மொட்டுகள் விரிந்ததிலிருந்து எனக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. பொய்யன் என்ற பெயரோடு அந்தப் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தேன்.

"நான்தான் டொக்டர் திருப்புறனான்," என்றார் புவனா. "வெள்ளிக்கிழமையளில யன்னலடியில கறிவேப்பிலைச் சாடியைத் திருப்பேக்க, பின்னால வந்து இதையும் ஒரு கால்வாசி. ஒரு பக்கமே வெயில் குடிச்சால் மற்றப் பக்கம் பாவமெல்லே?"

"தொடாதையெண்டு சொன்னனானெல்லே!" என்றேன்.

"நீங்கள் சொன்னியள். நான் தொட்டனான்."

டொக்டர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமாம்மா?"

"முளைச்ச நாளில இருந்து. இவர் கடைக்குப் போற நேரம்."

"எங்க வீட்டுலயும் கறிவேப்பிலையை என் மனைவிதான் திருப்புவாங்க," என்றார் டொக்டர். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, முதலில் ஆங்கிலத்திலும் அப்புறம் தமிழிலும்: "நான் சொன்னது தப்பு. மிச்சத்துல பூக்குது." என் பெயர் மட்டும் எழுதியிருந்த அட்டையைத் தட்டிக் காட்டினார். "இதுல இன்னொரு பேரு வரணும் சார்."

எழுதினேன். என் பெயருக்குக் கீழேதான்.

போக நினைப்பவர்களுக்கு: மே தொடக்கம் நல்ல காலம். மிச்சத்திலிருந்து ஒரு மணிநேரப் பயணம், ஆனால் செடியோடு போவதென்றால் இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள். முதியோர் பாஸ் இருந்தால் சனிக்கிழமை செலவில்லை. ஐஸுக்கு மேல் பலகை வையுங்கள். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.

சாடியை வைத்த இடத்திலிருந்து அசைக்கவே கூடாது என்று இந்தப் பக்கத்தில் முன்பு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதை நான் அழிக்கப்போவதில்லை. மலையில் அந்தச் செடியை யாரும் திருப்புவதில்லை. மிச்சத்தில் இருப்பவர்கள் மட்டும், வெள்ளிக்கிழமைகளில், கால்வாசி திருப்புங்கள்.