ஜஸீலா டீச்சரின் ‘முடியாது’

“முடியாது” என்று சொல்லிவிட்டு ஜஸீலா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறார். எதிரே கடிதத்தோடு நிற்கும் மருதுவுக்கு முகம் தொங்கிப்போகிறது. இந்த நேரத்தில் அவர் டீச்சர் இல்லை, பஸ் டிப்போ மேனேஜர். போன வாரம் கரண்டாபீஸ் இன்ஜினியராக இருந்தார்.

திருவாதவூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு முழுக்கக் கடிதம்தான். பிள்ளைகள் யாரிடமாவது எதையாவது கேட்டு எழுத வேண்டும். அந்த ஆளாக டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மறுப்பார். மனம் மாறினால் எழுந்து நிற்பார். ஒன்பது வருஷத்தில் மூன்று முறைதான் எழுந்திருக்கிறார். அப்படியொரு கல்மனசு.

திருத்துவதற்குச் சிவப்பு மை கிடையாது. படிக்கிறவர் எந்த வரியில் சலித்துப்போவாரோ அந்த வரியோடு காகிதத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். பாதிப் பேருக்கு ‘தாழ்மையுடன்’ தாண்டுவதற்குள் மடிப்பு விழுந்துவிடும். “இம்புட்டுக் கும்பிடு எதுக்குடா? ஒனக்கு வேணும்னு அழுகாத. குடுக்கலன்னா அவருக்கு என்ன கெடும்? அதச் சொல்லு.”

இதை அவர் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. அத்தா, அதாவது அப்பா, வைத்திருந்த துணிக்கடையில் வளர்ந்தவர். கெஞ்சியவர்களுக்கு அத்தா விலை குறைத்து அவர் பார்த்ததில்லை. “ஓரம் வெளுத்திருக்கு பாய், இத வேற யாரு வாங்குவா?” என்றவர்களுக்குக் குறைத்திருக்கிறார். இப்போதும் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பஸ்ஸில் அவருடைய காது கண்டக்டர்மேல்தான். “உள்ள போங்க” என்றால் ஒருவரும் அசைவதில்லை, “பின்னாடி நல்லாக் காத்து வருது” என்றால் நகர்கிறார்கள். அன்றைக்கு வகுப்பில் அதுதான் பாடம்.

இந்த வருஷம் அந்தப் பீரியடுக்கே ஆபத்து வந்தது. காலாண்டில் பதினொரு பேர் தமிழில் பெயில். கடிதத்தை நிறுத்திவிட்டு நோட்ஸை மனப்பாடம் செய்ய வைக்கும்படி தலைமையாசிரியர் அசோக்குமார் சொன்னார். டீச்சர் பிடிகொடுக்கவில்லை. வாரம் முழுக்க உருப்போடுகிற பிள்ளைகள் சொந்தமாக நாலு வரி யோசிப்பது இங்கேதான் என்பது அவர் கட்சி. கடைசியில் பிள்ளைகளிடமே விட்டார். “வேணுமா வேணாமான்னு எனக்கே எழுதுங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த கடிதங்களில் புகழ்ச்சி வழிந்தது. எல்லாம் ‘வேண்டும்’தான். அலுத்துப்போய் வரிசையாக மடித்துக்கொண்டே வந்தார். கடைசி பெஞ்ச் முனீஸ்வரி மட்டும் நிறுத்திவிடச் சொல்லி நாலே வரி எழுதியிருந்தாள்.

“முடியாது. உருப்போட்டது பரீட்சையோட மறந்துரும். இது ஆயுசுக்கும் கூட வரும்” என்றார் டீச்சர்.

“வரும் டீச்சர்.” முனீஸ்வரி தரையைப் பார்த்தபடியே பேசினாள். “நல்லா எழுதுறவுக இந்தப் பீரியடு இல்லாட்டியும் பாஸாயிருவாக. நாங்க பதினொரு பேரு அப்பிடியில்ல. பெயிலானா எங்க வீட்டுல மறுபடி எழுத விடமாட்டாக, மில்லுக்கு அனுப்பிருவாக. அங்க போயி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே லீவு லெட்டரு நல்லா எழுதுவேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. வலித்தது. இவளா இப்படிப் பேசுகிறாள் என்று பெருமையாகவும் இருந்தது.

அந்தக் கடிதத்தை மட்டும் மடிக்காமல் மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.