ரேடியேட்டருக்குள் மாதா தீர்த்தம்

ஆம்ப்ரோஸ் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய பள்ளி வேனிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாசிர் ரிஸ் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. உள்ளே மெழுகுவர்த்தி வாசமும் பிஸ்கட் வாசமும் கலந்து கிடக்கும். வேகத்தில் நாற்பதைத் தாண்டமாட்டார். பின்னால் ஹார்ன் அடிப்பவனுக்கும் கையைத் தூக்கி ஆசி கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம். ஆங் மோ கியோவில் இருக்கும் என் பட்டறைக்கு அந்த வேன் ஆவி கக்கிக்கொண்டு வந்தது. அண்ணன் இறங்கி, மேகத்துக்குள் நிற்பவர் போல நின்றார்.

சூடு ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் நிறமே இல்லை. தேத்தண்ணி மாதிரி துருத் தண்ணீர்.

"என்னண்ணே ஊத்துனீங்க? பைப் தண்ணியா?"

"சேச்சே. தீர்த்தம்பா."

மாதா திருநாளன்று கோயிலில் வண்டிகளை மந்திரிப்பார்கள். சாமியார் வெளியே தெளிப்பது அண்ணனுக்குப் போதாது. பாட்டிலில் பிடித்து வந்து வருஷா வருஷம் உள்ளேயும் ஊற்றியிருக்கிறார்.

"நம்ம ஊருல தண்ணி உறையிற குளிரா அடிக்குது? கூலன்ட் எதுக்கு?"

"கொதிக்காம இருக்க, துரு பிடிக்காம இருக்கத்தான். தண்ணி சேரச் சேர அதோட சத்து போயிரும். மொத்தமும் இறக்கணும்."

"இறக்கி?"

"கழிவு டிரம்ல."

அவர் முகம் வாடிவிட்டது. மந்திரித்த தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, மண்ணில்தான் விட வேண்டும். ஆனால் இதில் கலந்திருக்கும் கூலன்ட் விஷம், மண்ணிலும் விட முடியாது.

"அப்ப வேணாம். இப்படியே ஓடட்டும்."

"திங்கக்கிழமை பிள்ளைங்களோட நடு ரோட்டுல நிப்பீங்க. இஞ்சின் போச்சுன்னா எதை வச்சுப் பொழைப்பீங்க?"

அவர் வெளியே போய், தேங்கிய மழைநீரில் மிதந்த வானத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாதா கோயிலில் பூசை வேலைகளுக்கு உதவும் கோயில்பிள்ளை ஜூலியஸுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பீக்கரில் முதலில் சிரிப்புதான் வந்தது.

"அண்ணே, துருவும் மருந்தும் கலந்து கெட்டுப்போனா அது தீர்த்தமில்ல, வெறும் அழுக்கு. இஞ்சினுக்கு ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லி யாரு கேட்டா உங்களை?"

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். "இறக்குப்பா."

தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினேன்.

"பச்சைக் கலர் கூலன்டே ஊத்து. கண்ணுக்குக் குளிர்ச்சி."

"சட்டையா வாங்குறீங்க, கலர் பாக்க? வண்டிப் புத்தகத்துல போட்ட வகைதான் ஊத்தணும்."

எங்கள் அலமாரியில் அந்த வகை ரோஸ் நிறத்தில் இருந்தது. தண்ணீர் சேர்க்கத் தேவையில்லாமல் கலந்தே வருவது. மெல்ல ஊற்றினேன். சாயங்கால வெளிச்சத்தை யாரோ கரைத்து விடுவது போல இறங்கியது. அண்ணன் கண் கொட்டவில்லை.

"மறுபடி எப்ப மாத்தணும்?"

"புத்தகத்துல வருஷமும் போட்டிருக்கு, கிலோமீட்டரும் போட்டிருக்கு. எது முந்துதோ அப்ப. நடுவுல குறைஞ்சா இங்க வாங்க. தீர்த்தப் பாட்டிலைத் தொடாதீங்க."

இஞ்சின் ஓடியது. சூடு காட்டும் ஊசி நடுவில் வந்து அசையாமல் நின்றது.

அவர் சீட்டுக்கடியிலிருந்து இந்த வருஷத்துப் பாட்டிலை எடுத்தார். என் வாசல் காகிதப்பூச் செடியின் வேரில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். உதிர்ந்து கிடந்த பூ ஒன்றைப் பொறுக்கி ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் அதே ரோஸ்.

வேன் நாற்பதில் கிளம்பிப் போனது.