மூன்று டிஸ்க்கும் ஒரு நடு ஸ்பீக்கரும்

படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவரவர் வீட்டில் இருந்த டிஸ்க்தான் உசத்தி என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். வேறொரு கிரகத்தில் சுரங்கம் தோண்டப் போனவர்களை, அவர்கள் கொண்டுபோன எந்திரமே துரத்தித் துரத்திக் கொல்லும் கதை. மீட்பு வண்டி ஓட்டும் ஒரு பெண்தான் கதாநாயகி. நான் பிறப்பதற்கு முன்பே வந்த இங்கிலீஷ் படம். அதை மூன்று விதமான டிஸ்க்கில் வைத்திருந்த ஒரே ஆள், எங்கள் பக்கத்தில் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அப்போது சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் எனக்கு வேலை. காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அச்சாகி வரும்போது கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சாமி முகத்தில் மஞ்சள் கூடிவிட்டதா, குழந்தையின் கன்னத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறதா என்று நாளெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்த கண்ணுக்கு, வீட்டுக்கு வந்து சும்மா படம் பார்க்க வராது. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் நிம்மதி.

முதலாவது வி.சி.டி. விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாங்கியது. தமிழ் டப்பிங், இரண்டு தட்டு. எந்திரம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். கதாநாயகி ஒரு கதவைத் திறக்கக் கையை நீட்டும்போது முதல் தட்டு தீர்ந்துவிடும். நாம் எழுந்து போய் அடுத்ததைப் போட்டால்தான் அவள் கதவைத் திறப்பாள். இரண்டு தட்டில் அடக்குவதற்காகப் படத்தைக் கண்டபடி வெட்டியும் இருந்தார்கள். இரண்டாவது டி.வி.டி. முழுப் படமும் இருந்தது, ஆனால் இங்கிலீஷ் மட்டும்தான். படம் துல்லியம். முகங்கள்தான் வெயிலில் வெந்தது போல ஒரே சிவப்பு. எங்கள் மிஷினில் அப்படி ஒரு ஷீட் வந்திருந்தால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி மறுபடி அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார். அந்த டிஸ்க்கைப் போட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று நான் யாரிடமும் சொல்வேன்.

மூன்றாவது டிஸ்க்கை அக்கா கொண்டு வந்தாள். புதிதாகத் துடைத்துச் சுத்தம் செய்த படம், வெட்டு இல்லை, புதுத் தமிழ் டப்பிங்கும் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டிருந்த நேரம். அக்கா சென்னையில் ஒரு ஹாஸ்டலில் தங்கி டப்பிங் பேசிக்கொண்டிருந்தாள். விளம்பரம், கார்ட்டூன், கூட்டத்தில் ஒரு குரல் என்று கிடைத்ததை எல்லாம் பேசினாள். இந்த டிஸ்க்கில் கதாநாயகிக்கே அவள்தான் குரல். அதை என்னிடம் மட்டும் சொன்னாள்.

“ஏலே, முந்திரிக்கொட்டை மாதிரி அப்பாட்ட போய்ச் சொல்லிப்புடாத. படத்தைப் போடு. என் குரலு அவருக்குத் தானாத் தெரியணும். தெரியலேன்னா நான் சூலக்கரையில போய் உக்காந்துக்கிடுறேன்.”

சூலக்கரை என்றால் கலெக்டர் ஆபீஸ். அக்கா எப்போதோ பரீட்சை எழுதி வைத்திருந்தாள், இப்போது அங்கே வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. அவர் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பிள்ளைகள் இரண்டும் வெடிமருந்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய ஒரே வைராக்கியம். “ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்குற வேலை. இதை விட்டுட்டு, முகத்தைக்கூடக் காட்டாம ஒரு ரூமுக்குள்ள நின்னு கத்திக்கிட்டு இருக்கேங்குறா” என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவைச் சங்கடப்படுத்தி ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு. எனக்கோ அவள் சென்னைக்கே திரும்பிப் போக வேண்டும் என்று இருந்தது.

என் பக்கம் எல்லாம் தயார். அந்தத் தீபாவளி போனஸில்தான் ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டி.வி.க்குக் கீழே நடுவில் ஒன்று, மூலையில் பூதம் மாதிரி ஒரு பெரிய பெட்டி. ஒயர் இழுத்து ஆணி அடித்தது முழுக்க நானே.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். மாமாவும் அப்பாவும் ஒரே கம்பெனி. மூன்று டிஸ்க்கிலும் சில காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கலரைப் பற்றி நான் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் படத்தில் வெடிக்கிற இடம்தான் கணக்கு. அதுவும் அப்பாவுக்குக் காது மந்தம், பெரிய சத்தம்தான் ஏறும். வி.சி.டி.யில் எந்திரம் வெடித்ததற்கு “ஊசி வெடி” என்றார் மாமா. டி.வி.டி.க்கு “லட்சுமி வெடி, தேவலாம்” என்றார் அப்பா. மூன்றாவது டிஸ்க்கில் அதே இடம் வந்தபோது மூலைப் பெட்டி உறுமி, அம்மாவின் பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கின. “இது சரக்கு” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முகங்கள் சிவக்காமல், இருட்டு இருட்டாகவே இருந்ததில் எனக்கும் திருப்தி. சரி என்று அதை முதலிலிருந்து ஓட விட்டேன்.

பாட்டு வந்தது, காற்று வீசியது, இரும்பு உரசியது. ஆட்கள் வாயசைத்தார்கள். பேச்சை மட்டும் காணோம். உற்றுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முணுமுணுப்பது போல ஏதோ இருந்தது. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். இரும்பு இன்னும் பலமாக உரசியது.

“என்னலே, மெஷினுதான் பேசுது, மனுசங்க பேசக் காணோம்” என்றார் மாமா.

“ரெக்கார்டிங்கே சரியில்ல மாமா. டப்பிங்கை ஏனோதானோன்னு பண்ணியிருக்காங்க” என்று தீர்ப்புச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டி.வி.க்குப் பின்னால் குனிந்து ஒயரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று அநாதையாகத் தொங்கியது. நடு ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அம்மா ஒரு பூச்சாடியை வைத்திருந்தாள். பழைய டிஸ்க்குகளில் பேச்சும் பாட்டும் இடமும் வலமும் இருந்த ஸ்பீக்கர்களில் வந்துவிடும். அதனால் இத்தனை நாளும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த டிஸ்க்கில் பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வரும்.

“இங்கன இருந்த பெட்டி எங்கேப்பா?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“அதா? நாந்தான் கழட்டுனேன். மத்ததெல்லாம் வெடிக்குது, அது கம்முனு கெடந்துச்சு. நமுத்துப் போச்சுன்னு மொட்டை மாடியில காயப் போட்டிருக்கேன்.”

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நமுத்த சரக்கை நல்ல சரக்கோடு வைக்கக்கூடாது, பிரித்து எடுத்து வெயில் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அது. மாடிக்கு ஓடினேன். சாக்கு விரித்து, காற்றில் விழாமல் இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்து, வெயிலைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தார். தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். பளிச்சென்று பேச்சு வந்தது.

“பாத்தியா, காஞ்சதும் பேசுது” என்றார் அப்பா. மாமாவும் தலையாட்டினார். அவர்களிடம் யார் வாதாடுவது.

அக்கா திரும்பி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். படத்தை அவள் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி பேசினாள், சிரித்தாள், கூட வந்தவனை அதட்டினாள். அம்மா இரண்டு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் அடுத்த வெடிக்காகக் காத்திருந்தார். படம் பாதியைத் தாண்டியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுரங்கம் வெடிக்கும் காட்சி வந்தது. வி.சி.டி.யில் அதை வெடித்த கையோடு வெட்டிவிட்டார்கள். இதில் வெடி அடங்கிய பிறகும் காட்சி நீண்டது. புகைக்கு முன்னால் கதாநாயகி ஒற்றை ஆளாக நின்று, உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடுகிறாள். “யாரு இருக்கீக? சத்தம் குடுங்க. யாராச்சும் சத்தம் குடுங்க.” தொண்டை கிழிகிற மாதிரி ஒரு குரல். படம் முழுக்கப் பட்டணத்துத் தமிழ் பேசிய கதாநாயகி அந்த ஒரு இடத்தில் எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

அந்தக் கூப்பாடு எனக்குத் தெரியும். நாங்கள் சிறுசாக இருந்தபோது அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. கேட்டுக்கு வெளியே எங்களைத் தடுத்துவிட்டார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு இதே வார்த்தைகளைத்தான் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து அப்பா நடந்து வந்தார். அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனார். அவர் காது அன்று போனதுதான்.

அப்பா நாற்காலியை விட்டு இறங்கினார். டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, நடு ஸ்பீக்கரில் காதை வைத்தார். காட்சி முடிகிற வரைக்கும் அசையவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார்.

“அன்னைக்கு இப்படித்தான் கூப்பிட்டியா தாயி?”

“ஆமாப்பா.”

“எனக்குக் கேக்கல.”

“தெரியும்ப்பா.”

அம்மா அழுதுகொண்டிருந்தாள். மாமா எழுந்து வாசலுக்குப் போனார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சூலக்கரைக்கு வரலைன்னு எழுதிப் போட்ரு. நீ சென்னையிலயே இரு” என்றார். பிறகு என்னிடம், “அந்த இடத்தை இன்னொரு தடவ போடுலே” என்றார்.

பின்னால் ஓட்டிப் போட்டேன். வெடித்தது, புகை எழுந்தது, அக்காவின் குரல் கூப்பிட்டது. யாரு இருக்கீக, சத்தம் குடுங்க. அப்பா டி.வி.யைப் பார்க்கவில்லை. கதவோரம் இருந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

“இருக்கேன் தாயி. இங்கனதான் இருக்கேன்.”