ஓடையில் நின்ற பிளசர்

என் அலுவலக மேசையோரம் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று நிற்கிறது. ஒரு முனை மட்டம் பார்த்து அறுத்தது போல நேராக இருக்கும். மறு முனை சரிந்து, பிசிறடித்து, அறுக்கத் தொடங்கிய இடம் ஒன்றும் முடிந்த இடம் வேறொன்றுமாக இருக்கும். நேரான முனையைக் கீழே வைத்தால்தான் நிற்கும். வீடு மாறும்போதெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று கையில் எடுப்பேன். பிறகு அலுப்போடு, மற்ற சாமான்களோடு சேர்த்துக் கட்டிவிடுவேன்.

சின்னையா, அதாவது என் அப்பாவின் தம்பி, திருச்சுழிப் பக்கம் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்களில் அப்போது காரை யாரும் கார் என்று சொல்வதில்லை, பிளசர். அவருடைய பிளசர் எத்தனையோ கை மாறி வந்த கிழட்டு வண்டி. வளைவில் திரும்பினால் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமும் போகப் பார்க்கும். பின்கதவு தானாகத் திறந்துகொள்வதால் அதைத் துண்டால் உள்பக்கம் கட்டியிருப்பார். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியே அவருடைய வலது தோள்பட்டை கெட்டுப்போயிருந்தது. சட்டையைக் கழற்றவே சின்னம்மா வந்து கையைத் தூக்கிவிட வேண்டும். ஆனாலும் நரிக்குடி வரைக்கும் எந்த ஊரில் யாருக்கு இடுப்புவலி கண்டாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அவர் ஏற்றிய பிள்ளைத்தாச்சி ஒருத்திகூட வழியில் நின்றதில்லை என்று பேர். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். வண்டி ஆடுகிறதே என்று யாராவது கேலி பேசினால், "இது பிளசர் இல்லப்பா, தொட்டிலு. ஆட்டிக்கிட்டே போனாத்தான் உள்ள இருக்கிற பிள்ள அழுகாம வரும்" என்பார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத வயது. மதுரையில் பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வந்த ஆங்கிலக் கார்ப் பத்திரிகைகளை வரி விடாமல் படித்திருந்தேன். பந்தயக் கார்களின் அடிச்சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் கொடுத்து இறுக்குவார்கள், அப்போது வண்டி முறுக்காது, ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. ஐப்பசி விடுமுறையில் ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தைச் சின்னையாவின் முன்னால் விரித்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோளு வலி நிக்குமாலே?" என்று மட்டும் கேட்டார். நிற்கும் என்றேன். அப்படி அடித்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டியை அருப்புக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தறிக்கூடம் ஒன்றில் கழித்துப்போட்ட கனத்த குழாய்களை எடைக்கு வாங்கியிருந்தேன். அவற்றை வண்டியின் அடியில் பெருக்கல் குறி போலப் போடுவதுதான் என் திட்டம். பட்டறைக்காரர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எலும்பு முறிஞ்சவனுக்கு மாவுக்கட்டுப் போடுற மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார்: "போல்ட்டுப் போட்டுக்கிருவோம் தம்பி. ஒத்துவரலைன்னா கழட்டிக்கிறலாம்ல?" போல்ட்டு என்றால் அளவெடுத்து, துளை போட்டு, இரண்டு நாள் ஆகும். எனக்கு மறுநாள் கல்லூரிக்குப் பஸ் ஏற வேண்டும். அதற்குள் வண்டி ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும். "கழட்டுறதுக்கா மாட்டுறோம்? வெல்டே வச்சிருங்கண்ணே" என்றேன். அவர் சின்னையாவைப் பார்த்தார். சின்னையா, "படிக்கிற பிள்ள சொல்றான், வையப்பா" என்றார்.

சாயங்காலம் திருச்சுழி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வளைவுகளில் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. சின்னையா ஒரு வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார். கதவுத் துண்டை அவிழ்த்துப் பின்சீட்டில் போட்டார். "ஏலே, வேற எவனோ வண்டிய ஓட்டுற மாதிரி இருக்குலே" என்று அவர் சொன்னபோது, ஒரு கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவ்வளவு இலேசாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. தார் ரோட்டில் மட்டும்தான் அன்றைக்கு ஓட்டினோம்.

மறுநாள் என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய்விடக் கிளம்பும்போது, நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டது. நானும் கூடவே போனேன். தலைப்பிரசவம். பெண்ணையும் மாமியாரையும் பின்னால் ஏற்றி, புருஷன்காரன் அவர்களோடு ஒட்டிக்கொள்ள, திரும்பினோம். அந்த ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர இரண்டு பாதை. சரளை போட்ட நல்ல பாதை, நாங்கள் வந்த வழி, சுடுகாட்டை ஒட்டிப் போகும். பிள்ளைத்தாச்சியை அந்த வழியாக யாரும் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் பிரசவத்துக்கென்று போனால் எப்போதும் ஓடைப் பாதைதான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. பட்டறையில் நின்றபோது நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

முந்தின வாரத்து மழை ஓடையை அங்கங்கே அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. முன்பக்க வலது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. இறங்கியதும் பின்பக்க இடது சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. சின்னையா ஆக்சிலேட்டரை மிதிக்க, அந்தரத்தில் அது வெறுமனே சுற்றியது. இதே ஓடையில், குழாய் வைப்பதற்கு முன்னால், இதே வண்டி நெளிந்து, வளைந்து, முனகி, நாலு சக்கரமும் மண்ணைவிட்டுப் பிரியாமல் எத்தனையோ தடவை கரையேறியிருக்கிறது. சின்னையா இறங்கி, சேற்றில் முழங்கால் போட்டு அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கழட்ட முடியுமாலே?"

"முடியாது சின்னையா. வெல்டு."

 உள்ளேயிருந்து மாமியார், "ஏய்யா, உங்க வண்டி நிக்காதுன்னுதானய்யா ஆளு விட்டோம்" என்றாள். அது திட்டுப்போல இல்லை; அழுகைபோல இருந்தது. நானும் புருஷன்காரனும் தள்ளினோம், கல் எடுத்துப் போட்டோம், பின்பக்கம் ஏறி அழுத்தினோம். சக்கரம் வழுக்கி மறுபடி தூக்கிக்கொண்டது. சத்தம் கேட்டுப் புஞ்சையில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். காவல் குடிசையிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து ஓடைக்குள் போட்டார்கள். மேடும் பள்ளமுமான அந்த மண்ணில், மூட்டுத் தளர்ந்த அந்தப் பழங்கட்டில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நாலு காலும் ஊன்றி நின்றது. பத்திரிகையில் போடாத படம் அது. நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். தார் ரோட்டில் ஒரு டிராக்டரை மறித்து ஏற்றினார்கள். திருச்சுழி வருவதற்குள் டிராக்டரிலேயே ஆண்பிள்ளை பிறந்தது. உதிரப்போக்கு நிற்காமல் அந்தப் பெண்ணை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள், எழுந்து நடமாட ரொம்ப நாள் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிரசவத்துக்குச் சின்னையாவிடம் ஆள் வருவது நின்றுபோனது. "அந்த பிளசரா? அது ஓடையில நின்னதுல்ல" என்று சொல்லி, வீரசோழன் ஊரில் ஒருவர் வாங்கியிருந்த ஜீப்பைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் சின்னையாவுக்குச் சவாரி வந்தது.

பொங்கலுக்கு நான் வந்தபோது குழாய்த் துண்டுகள் வீட்டுச் சுவரோரம் சாத்தியிருந்தன. வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்ஸா பிளேடை வைத்து அவரே மூன்று நாள் அறுத்தாராம். அதுவும் அந்தத் தோளை வைத்துக்கொண்டு. சின்னம்மாதான் சொன்னாள்: "பட்டறைக்குக் கொண்டுபோனா ஒரு நிமிசத்துல வெட்டி எடுத்துருவான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாகளா? 'அங்க போனா, பிள்ள செஞ்சது சரியில்லையாண்ணேன்னு அவன் கேப்பான். நான் என்னத்தச் சொல்ல'ங்கிறாக." அந்தக் கை அதற்கப்புறம் தோளுக்கு மேலே எழும்பவில்லை.  சின்னையா என்னிடம் படிப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் விசாரித்தார். அடுத்த வருடம் வண்டியை விற்றார். சுவரோரம் கிடந்ததில் ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். 

இன்றைக்கு எனக்குச் சோறு போடுவதும் இதே வேலைதான். கணினித் திரையில் காரின் அடிச்சட்டத்தை முறுக்கிப் பார்ப்பது, எங்கே நெளிகிறதோ அங்கே இறுக்குவது. சின்னையா காலமாகி வெகுநாளாகிறது. ஒவ்வொரு படத்தையும் முடித்துக் கையெழுத்துப் போடும்போது, இந்த வண்டி எந்த ஓடையில் இறங்கப்போகிறதோ என்று ஒரு சலிப்பு வரும். பிறகு கையெழுத்துப் போட்டுவிடுவேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களில் யாராவது ஒருவன் மேசையோரம் நிற்கும் குழாயைத் தூக்கிப் புரட்டிப் பார்ப்பான். "ஒரு பக்கம் இவ்வளவு நேரா அறுத்துட்டு, இந்தப் பக்கம் ஏன் சார் இப்படி?" என்று கேட்பான்.

"கை வலிச்சிருச்சுப்பா" என்பேன். யார் கை என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. துண்டை வாங்கி, நேரான முனையைக் கீழே வைத்து நிறுத்துவேன்.