முதுகில் ஹூக்கு வைத்த ஜாக்கெட்

கர்ப்பிணிக்கென்று எங்கள் பக்கத்துத் துணிக்கடைகளில் இருப்பது நைட்டி. அதற்கு மேல் அவர்களுக்கு யோசனை போவதில்லை. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி அத்தனை கடைகள். கல்யாணப் பட்டுக்கு ஒரு மாடி, ஆண்களுக்கு ஒரு மாடி, பிறந்த குழந்தைக்குக்கூடக் கண்ணாடி அலமாரி. அந்தக் குழந்தையைச் சுமக்கிறவளுக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே, உள்பாவாடைகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவில் ஒரு மூலை.

ஐந்தாம் மாதம் சுடிதார்கள் எல்லாம் இடுப்போடு நின்றுவிட்டபோது, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு கடைக்குப் போனேன். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நைட்டி போட்டுக்கொண்டு அல்ஜீப்ரா நடத்த முடியாது. வயிற்றுக்கு இடம் விட்ட சுடிதார் இருக்கிறதா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். “டபுள் எக்ஸெல் எடுத்துக்குங்க மேடம். எல்லாரும் அதான் எடுக்கறாங்க” என்றாள். போட்டுப் பார்த்தேன். வயிறு அடங்கியது. தோள் முழங்கைக்கு இறங்கியது, கழுத்து எங்கேயோ போனது.

“ஷால் போட்டா தெரியாது அண்ணி” என்றாள் நாத்தனார். எங்கள் ஊரில் பெண்ணின் உடம்புக்கு வருகிற எல்லாச் சங்கடத்துக்கும் ஷால்தான் மருந்து. ‘மெட்டர்னிட்டி’ என்று சீட்டுத் தொங்கிய ஒன்றும் இருந்தது. அதே நைட்டித் துணி, அதே பூ, கூடுதலாக இடுப்பில் ஒரு நாடா. அந்த நாடாவுக்காக விலை இரண்டு மடங்கு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, டபுள் எக்ஸெல்லைத் தோளில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

வளைகாப்பு என்றதும் யாரும் விலை பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கப்போகிற துணியல்லவா! மாமியார் பட்டுப்புடவை எடுத்தார். ஜாக்கெட்டைத் தன் டெய்லரிடம் கொடுத்து, முதுகு முழுக்க ஜரிகை வேலை, முதுகிலேயே ஹூக்கு என்று தைத்து வாங்கினார். அதில் அவருக்கு ஒரு சிக்கனப் பெருமை வேறு.

“ரெண்டு பக்கமும் உள்ள துணி வுட்டுத் தைக்கச் சொன்னேன். புள்ள பொறந்து ஒடம்பு வச்சுதுன்னா தையலப் பிரிச்சா போதும். வளைகாப்புக்கும் ஆச்சு, மூணாம் மாசம் புள்ளயத் தூக்கிக்கினு வர்றப்பவும் ஆச்சு.”

பிள்ளை பெற்றவள் எவ்வளவு உடம்பு வைப்பாள் என்று தைத்தவரும் தைக்கச் சொன்னவரும் உட்கார்ந்து அளவு போட்டிருக்கிறார்கள். அவள் பால் கொடுப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் மாமியார் மூன்று பெற்றவர். ஆயுசுக்கும் முன்பக்கம் ஹூக்கு வைத்த ஜாக்கெட்டைத் தவிர வேறு போட்டறியாதவர்.

பிரசவம் கடலூரில் நடந்தது, மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். மகள் எடை குறைவாகப் பிறந்தாள். உறிஞ்சச் சக்தியில்லாமல் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போவாள். பசிக்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுங்கள், இப்போதைக்கு என்று பாட்டில் பழக்கிவிட்டால் அப்புறம் மார்பைப் பிடிக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மாமியார் தினமும் போனில், “டப்பாப் பால் குடு, கொழுகொழுன்னு ஆயிடும்” என்றார். நானும் மகளும் அழுது அழுது கற்றுக்கொண்டோம். இரண்டாம் மாதம்தான் எடை ஏற ஆரம்பித்தது. இதை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

கணவர் தன் பங்குக்கு ஆன்லைனில் ஒரு ஃபீடிங் நைட்டி வாங்கி அனுப்பினார். மலிவாகக் கிடைத்ததாம். மடிப்புக்குள் இரண்டு ஜிப். குடித்து நிமிர்ந்த குழந்தையின் கன்னத்தில் ஜிப்பின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது. போன் பண்ணிச் சொன்னால், “ரிவ்யூ நல்லாத்தான இருந்துச்சு” என்கிறார். ரிவ்யூ எழுதியது குழந்தைகள் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சிதம்பரம் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியதும், வெளியில் போட ஏதாவது கிடைக்காதா என்று அம்மாவோடு திருப்பாதிரிப்புலியூர் கடைவீதிக்குப் போனேன். ஒரு கடையில் கழுத்திலிருந்து வயிறு வரை வரிசையாகப் பட்டன் வைத்த குர்த்தி தொங்கியது. விலையும் கட்டுப்படியாகிற விலை. எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. முதல் பட்டனைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. பட்டன்களுக்குக் கீழே துணி ஒரே துண்டு.

“அது தெறக்காது மேடம், டிசைனுக்கு வச்சது” என்றார் கடைக்காரர்.

“புள்ளைக்கு நான் டிசைன்லயா பால் குடுக்கறது?” என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பால் என்ற சொல்லை அத்தனை ஆண்கள் நிற்கிற கடையில் சொல்லிவிட்டேனாம். அந்தக் கடையில் பிரா பெட்டிகளை மேசைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததும் ஓர் ஆண்தான்.

அழைத்துப்போகிற நாளன்று மாமியார் அந்த ஜாக்கெட்டோடு காரில் வந்து இறங்கினார். பக்கத் தையலைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார். முன்பக்கம் ஹூக்கு வைத்த பழைய காட்டன் ஜாக்கெட்டே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

“கிள்ளையிலேருந்து நம்ம சொந்தத்துப் பெரியவங்கள்லாம் வீட்டுக்கு வந்திருக்காங்க. பழய ஜாக்கெட்ல வந்து நின்னா என்னா பேசுவாங்க? ஆரத்தி எடுக்கற வரைக்கும்தான்” என்றார். அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அவள் தூங்கினாள்.

சிதம்பரத்து வீட்டு வாசலில் ஆரத்தி முடிந்தது. அதன்பிறகு போட்டோ, ஆசீர்வாதம், மறுபடி போட்டோ. மகள் விழித்து வீறிட்டாள். உள்ளறைகளில் வெயிலுக்குப் பெரியவர்கள் படுத்திருந்தார்கள். நாத்தனாரிடம் ஹூக்கை அவிழ்க்கச் சொன்னேன். அவள் தன் அம்மாவைத் தேடிப் பார்த்தாள். மாமியார் சமையலறையிலிருந்து வந்தார், கையில் பாட்டில். பால் கலக்கி, மூடி போட்டு, இளஞ்சூடாக. குழந்தை அழுது முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எப்போது கலக்கினார் என்று நான் கேட்கவில்லை.

“இந்த ஒரு வேளதான? என்னா ஆயிடப் போவுது?” என்றார் மாமியார்.

கணவரிடம் போய் முதுகைக் காட்டி நின்றேன். “மாமா, நீங்களாவது அவுத்து வுடுங்க.”

“எல்லாரும் இருக்காங்கல்ல” என்று முணுமுணுத்தார். பிறகு தன் அம்மாவின் கையிலிருந்து பாட்டிலை வாங்கி என்னிடம் நீட்டினார். “இப்போதைக்கு இதக் குடேன். ஜாக்கெட்ட அப்பறம் மாத்திக்கலாம்.”

குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்தேன். முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு, கையைப் பின்னால் விட்டு, அகப்பட்ட இடத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஹூக்குகள் துணியோடு பிய்த்துக்கொண்டு வந்தன. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. சுவரோரம் உட்கார்ந்து மகளை வாங்கி முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, ஜரிக!” என்று மாமியார் குனிந்து தரையில் தேடினார். கிள்ளைப் பெரியவர் ஒருவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கணவர் கூடத்தின் நடுவில் பாட்டிலும் கையுமாக நின்றார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.